வெள்ளச்சி சாப்பிட நல்ல நேரம்

ஒரு ஊரில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. பெட்ரோல் குடிக்காத வகை. சுவரில் மாட்டியிருக்கும் சார்ஜரின் பிளக்கை எடுத்துச் சொருகினால் கரண்டைச் சாப்பிடும், வயிறு நிறைந்ததும் பச்சை விளக்கைக் காட்டும், மறுநாள் ஓடும். வேறு வம்புதும்புக்குப் போகாது. வீட்டுக்கார அம்மாள் மரகதவல்லி அதற்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்திருந்தாள். மாட்டுக்கு வைக்கிற பெயரைக் காருக்கு வைக்கிறாயே என்று அவள் கணவர் குணசீலன் கேட்டுப் பார்த்தார். மாடாவது சில சமயம் உதைக்கும், இது அதுகூடச் செய்யாது, பெயர் இதுக்குத்தான் பொருத்தம் என்று சொல்லிவிட்டாள்.

மரகதவல்லிக்கு அந்தக் கார் என்றால் உயிர். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்துதான் ஊரைப் பார்த்திருக்கிறாள். மடியில் காய்கறிப் பை, மூக்குக்கு நேரே குணசீலனின் முதுகு. அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே இறங்கணும், எப்போது உதைத்துக் கிளப்புகிறாரோ அப்போது ஏறணும். வெள்ளச்சி வந்த பிறகுதான் அவள் டிரைவிங் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை ஃபெயில், அடுத்த தடவை பாஸ். அன்றிலிருந்து மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் அக்கா வீட்டுக்கும் அவளே ஓட்டிக்கொண்டு போகிறாள். தெருப் பெண்கள் அவளை நம்பி ஏறுகிறார்கள். குணசீலன்கூட ஏறுகிறார். என்ன, கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறார்.

அந்த வீட்டில் சாமான்களும் பேசும். எல்லா வீட்டிலும் பேசும்தான், மனுஷர்கள் கொஞ்சம் வாயை மூடினால் கேட்கும்.

வெள்ளச்சிக்கு இரண்டு பேரிடம் பயம். ஒருத்தன் சார்ஜர். கெட்டவன் இல்லை, பாவம், ரொம்ப நல்லவன். அதுதான் பிரச்சினையே. பந்தியில் சிலர் பரிமாறுவார்களே, இலையை மடித்த பிறகும் விரித்து வைத்து இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவார்களே, அந்த ரகம். பிளக்கைச் சொருகிய நொடியில் பரிமாற ஆரம்பிப்பான், நூறு சதவீதம் ஆகும்வரை விடமாட்டான். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார். எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும், எவ்வளவு ஏறியதும் நிறுத்தணும் என்று சொல்லி வைக்கிற வசதியெல்லாம் அவனுக்குள் இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்டால், சொன்னதைச் செய்கிறவன் நான், சொல்லாததை யோசிப்பவன் இல்லை என்று மார்தட்டுவான்.

இன்னொருவர் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் தொங்கும் தினசரி காலண்டர். அவரை அவன் இவன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை, அப்படி ஒரு தோரணை. மேலே லட்சுமி படம், கீழே தேதி, அதற்குக் கீழே நல்ல நேரம், கௌரி நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். மரகதவல்லி புதுத் துடைப்பம் வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் கட்டைப் பிரிப்பாள். அப்படிப்பட்டவள் காருக்குச் சாப்பாடு போடுவதை மட்டும் கேட்காமல் செய்வாளா? தினமும் சாயங்காலம் அவர் முகத்தைப் பார்ப்பாள். சில நாள் ஐந்துக்குள் நல்ல நேரம் இருக்கும், சில நாள் ஆறரைக்கு இருக்கும். அந்த நேரத்தில் போய் பிளக்கைச் சொருகுவாள், பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், உள்ளே வருவாள். வெள்ளச்சி அப்போதிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் மூக்கு முட்டச் சாப்பிடும்.

இதில் என்ன தப்பு என்றால், ஒரு தப்பும் இல்லை, கரண்ட் ஆபீஸ் அந்தப் புது வழக்கத்தைக் கொண்டுவரும் வரைக்கும்.

ஒரு நாள் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரைக்கும் ஊரே லைட்டும் டிவியும் ஏசியும் போடுகிறதாம், அதனால் அந்த நேரத்துக் கரண்டுக்கு விலை கூடவாம். பத்துக்கு மேல் ஊர் தூங்கப் போய்விடும், அப்போது விலை குறைவாம். எஸ்.டி.டி. பூத் காலத்தில் பேச்சு நீளும் வீடுகள் ராத்திரி ஆகி ரேட்டு குறையட்டும் என்று காத்திருந்த மாதிரிதான் இதுவும். குணசீலன் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவர், பென்சிலை டஜனாக வாங்கினால் விலை குறையும் என்று தெரிந்தவர். கேட்டதுமே புரிந்துவிட்டது. இனிமேல் காரைப் பத்து மணிக்கு மேல் சார்ஜ் போடு என்று மனைவியிடம் சொன்னார்.

வேறு வீடாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். மரகதவல்லி காலண்டரிடம் போனாள், விரலை வைத்துப் பார்த்தாள், திரும்பி வந்தாள். பத்து மணிக்கு மேல் நல்ல நேரமே இல்லை என்றாள்.

"கரண்டுக்கு ஏது மரகதம் நல்ல நேரம், கெட்ட நேரம்?"

"ஏன் இல்லாம? அன்னிக்கு ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு நீங்க சொருகினீங்க. நல்ல ராகு காலம். மறுநாள் டயர்ல ஆணி."

அந்த ஆணி எந்தத் தச்சர் பையிலிருந்து விழுந்ததோ தெரியாது. பழி ராகுவின் தலையில் விழுந்தது, விழுந்தது விழுந்ததுதான். குணசீலன் கடைக்குக் கிளம்பிவிட்டார். பேசி ஜெயித்த அனுபவம் அவருக்குக் கிடையாது.

அடுத்த கரண்ட் பில் வந்தது. பில்லைப் பார்த்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஃபேனை நிறுத்தினார். வேர்த்தது, மறுபடி போட்டார். அப்புறம் மரகதவல்லியைக் கூப்பிட்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அடுத்த பில்லும் இப்படி வந்தால் கார் இந்த வீட்டில் இல்லை. தங்கச்சி வீட்டுக்காரர் கஜபதி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கே கொடுத்துவிடுவது. ஸ்கூட்டர் இருக்கிறது, பின்சீட் இருக்கிறது, அது போதும்.

மரகதவல்லி சமையலறைக்குப் போய், வெந்த பருப்பையே மறுபடி குக்கரில் வைத்தாள்.

கஜபதி யார் என்று சொல்லிவிடுகிறேன். வேகத்தடையைக் கண்டால் அது தன்னைத் திட்டியதுபோல நினைத்துக்கொண்டு அதன் மேல் பாயும் மனுஷர். அவர் கடைசியாக வைத்திருந்த காரைப் பழைய இரும்புக் கடையில்கூட யோசித்துத்தான் எடுத்தார்கள். போர்டிகோவில் நின்ற வெள்ளச்சிக்கு அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே நாலு டயரிலும் காற்று குறைந்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த நாள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சாமான்கள் எல்லாம் சத்தம் போட ஆரம்பித்தன. இந்தப் பில்லுக்கு யார் காரணம் என்பதுதான் பேச்சு.

ஃபிரிட்ஜ்தான் முதலில் வாயைத் திறந்தது. அந்த வீட்டிலேயே மூத்தது அது, எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். நான் இத்தனை வருஷம் ராப்பகலாக ஓடுகிறேன், என்னால் ஒரு நாளும் இந்த வீட்டில் ஃபேனை நிறுத்தியது இல்லை, வாசலில் வந்து நிற்கிறதே அந்தத் தீனிப்பண்டாரம், அதுதான் எல்லாவற்றையும் தின்றது என்றது. வெள்ளச்சிக்கு அழுகை வந்தது. வைப்பர் மட்டும் ஒரு தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய் வந்தது.

"நான் என்ன கேட்டா வாங்கறேன்? போதும் போதும்னுதான் சொல்றேன். அவன் விட்டாத்தானே."

எல்லாரும் சார்ஜரைப் பார்த்தார்கள். சொருகினார்கள், பரிமாறினேன், இதில் என் தப்பு என்ன என்றான் சார்ஜர். வாசல் சுவரில் மரப்பெட்டிக்குள் இருந்த மீட்டரைக் கேட்டார்கள். மீட்டருக்குத் தாட்சண்யம் கிடையாது. பெற்ற தாய் வந்து ஒரு லைட் போட்டாலும் எண்ணித்தான் தீரும். அது தன் சிவப்புக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே, தின்றது எவ்வளவு என்பது பெரிய விஷயமே இல்லை, தின்ற நேரம்தான் விஷயம் என்றது. இதே சாப்பாட்டை இவள் பத்து மணிக்கு மேல் சாப்பிட்டிருந்தால் குணசீலன் ஃபேனை நிறுத்தியிருக்க மாட்டார் என்றது.

அப்புறம் எல்லாரும் காலண்டரிடம் கெஞ்சினார்கள். ஐயா, உங்கள் வாய் வார்த்தைதான் இந்த வீட்டில் சட்டம், ராத்திரி பத்து மணிக்கு ஒரு சின்ன நல்ல நேரம், அரை மணி நேரம் இருந்தால் போதும், போட்டுக்கொடுங்கள் என்றார்கள். காலண்டர் தாளைக்கூட அசைக்கவில்லை.

"நான் போன வருஷமே அச்சாகி வந்தவன். இந்த வருஷம் முழுக்க என்ன நடக்கணும்னு அப்பவே முடிஞ்சு போச்சு. இனிமே என் கையிலேயே ஒண்ணும் இல்லை."

இதைக் கேட்டு டிரிப்பருக்குக் கோபம் வந்துவிட்டது. மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கறுப்பு சுவிட்ச் அது, லோடு தாங்காவிட்டால் தானே கீழே விழுந்து கரண்டை நிறுத்தும். கொஞ்சம் மயக்கம் போட்டு விழுகிற சுபாவம். தான் ஒருத்தியே இதை முடித்துக் காட்டுவதாகச் சபதம் போட்டது. அன்று சாயங்காலம் மரகதவல்லி பிளக்கைச் சொருகியதும் டொப்பென்று விழுந்தது. வீடு இருண்டது, டிவி சீரியலில் மாமியார் அறை வாங்குகிற நேரத்தில் நின்றது. குணசீலன் டார்ச்சோடு வந்து தூக்கிவிட்டார், மறுபடி விழுந்தது, மறுபடி தூக்கினார். ஃபிரிட்ஜ் உள்ளிருந்து, அடிப் பாவி, என் பால் திரிஞ்சிடும் என்று புலம்பியது. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, இது பழசாகிவிட்டது, பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம் என்றதும் டிரிப்பருக்கு மயக்கமெல்லாம் பறந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அது விழவே இல்லை.

வெள்ளச்சி நம்பிக்கையை விட்டுவிட்டது. ஒவ்வொரு சாயங்காலமும் சாப்பிட்டது, ஒவ்வொரு வாயிலும் கஜபதி தெரிந்தார். மரகதவல்லிக்கும் தூக்கம் இல்லை. காலண்டரை மீறினால் காருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம், மீறாவிட்டால் காரே போய்விடும் என்று பயம். பக்கத்து வீட்டு சுலோச்சனாவிடம் சொல்லி அழுதாள். கோயிலில் வெள்ளச்சி பெயருக்கு அர்ச்சனைகூட செய்தாள். நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்டார், டெலிவரி எடுத்த நாளைச் சொன்னாள்.

இப்படி இருக்கும்போது மரகதவல்லியின் அக்கா பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. தூரத்து ஊர், ரயிலில்தான் போகணும். சனிக்கிழமை காலை பத்து மணி வண்டி. வீட்டை விட்டுக் கிளம்பவே ஒன்பது மணிக்கு மேல் ஆகும். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம் என்று காலண்டர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு மரகதவல்லியிடம் வழி இருந்தது. அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிற வழிதான், பரஸ்தானம் வைப்பது. கிளம்ப வேண்டிய நேரம் சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்துப் பெட்டியை மட்டும் வெளியே கொண்டுபோய் பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். பெட்டி நல்ல நேரத்தில் கிளம்பிவிட்டது, அதனால் பயணமும் நல்ல நேரத்தில் தொடங்கியதாகக் கணக்கு. மறுநாள் ஆட்கள் எந்த நேரத்தில் போனாலும் ராகு கேள்வி கேட்க முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குணசீலன் பரணிலிருந்து நீலப் பெட்டியை இறக்கினார். ஓரத்தில் கீறல் விழுந்த பழைய பெட்டி. துணி அடுக்கிப் பூட்டியதும் நல்ல நேரத்துக்குள் சுலோச்சனா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே கதவில் பூட்டுத் தொங்கியது. நல்ல நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வெளியே இருந்தால் சரிதானே என்று மரகதவல்லி சட்டென்று யோசித்து, பெட்டியை வெள்ளச்சியின் டிக்கியில் வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டு, காரைச் சொருகுவதற்கு முன்னால் ஒரு வாய் காபி குடிக்க இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

வெள்ளச்சி மெதுவாகப் பெட்டியிடம் எந்த ஊருக்குப் போகிறாய் என்று விசாரித்தது. இப்போதைக்கு எங்கேயும் இல்லை, ஆனால் கிளம்பிவிட்டேன் என்றது பெட்டி.

வெள்ளச்சிக்குப் புரியவில்லை. கிளம்பிவிட்டால் போகணும், போகாவிட்டால் கிளம்பவில்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டது. பெட்டி சிரித்தது. இந்த வீட்டில் எத்தனையோ தடவை கிளம்பியவன் நான், ஒரு தடவை சுலோச்சனா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ரெண்டு நாள் கிளம்பியபடியே படுத்திருந்தேன், அப்புறம் பயணமே கேன்சலாகி, கிளம்பினவன் கிளம்பினபடி பரணுக்கே திரும்பினேன் என்றது.

"இதுல ஒரே விஷயம்தான் கண்ணு. கிளம்பறது வேற, போறது வேற. கிளம்பற நேரத்தைத்தான் காலண்டர் பார்ப்பார். போற நேரத்தை அவர் கேட்கவே மாட்டார்."

வெள்ளச்சிக்கு உள்ளே ஏதோ சுர்ரென்றது. இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தது. சொருகுவது வேற, சாப்பிடுவது வேற. அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. சார்ஜரைக் கூப்பிட்டு, டேய், உன்னால் பிளக் சொருகிய பிறகும் சும்மா காத்திருக்க முடியுமா என்று கேட்டது. நேரம் வைத்துச் சொன்னால் விடிய விடியக்கூட காத்திருப்பேன், என்னிடம்தான் யாரும் சொல்லவில்லையே என்றான் அவன்.

எல்லாம் சரி, இதை மரகதவல்லியிடம் யார் சொல்வது? அவள் வாயை மூடினால்தானே கார் பேசுவது காதில் விழும். ஹாரன் அடித்தால் திருடன் என்று நினைத்துக் கத்துவாள். வெள்ளச்சி யோசித்தது. அதற்குள் மரகதவல்லி காபியைக் குடித்துவிட்டு வந்து பிளக்கைக் கையில் எடுத்துவிட்டாள்.

டிக்கி டக்கென்று திறந்துகொண்டது.

அவள் போய் மூடினாள். திரும்பிப் பிளக்கை எடுத்தாள். டிக்கி மறுபடி திறந்தது. சரியாக மூடவில்லை போல என்று இடுப்பால் ஓர் இடி இடித்து மூடினாள். இரண்டடி வைப்பதற்குள் மூன்றாம் தடவையும் திறந்தது. பெட்டி உள்ளேயிருந்து தன் கீறலைக் காட்டிக்கொண்டு அவளையே பார்த்தது.

குணசீலன் வாசல்படியில் நின்று சிரித்தார். "பெட்டி ரொம்ப அவசரப்படுது பாரு. கிளம்பியாச்சு, இனிமே நாளைக்குத்தான் பயணம்னு அதுக்குச் சொல்லு."

மரகதவல்லி நின்றாள். கையில் பிளக், எதிரே பெட்டி. பெட்டியைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் மாறிய மாற்றத்தைப் பார்த்துக் குணசீலன் பயந்தே போய்விட்டார்.

"என்னங்க, இந்தச் சார்ஜர்ல நேரம் வெச்சு விடலாமா? இப்போ நான் சொருகிடறேன். கரண்ட் பத்து மணிக்கு மேல போகட்டும்."

"விடலாம். ஆனா நல்ல நேரம்..."

"சொருகறதுதாங்க ஆரம்பம். மிச்சம் எல்லாம் பயணம்."

குணசீலனுக்கு, இத்தனை நாள் தான் சொன்னதும் இதைத்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் விழுங்கினார், அதில் அவர் புத்திசாலி. செல்போனில் சார்ஜரின் செட்டிங்கைத் திறந்து, ஆரம்பிக்கும் நேரம் பத்து மணி தாண்டி என்று வைத்தார். எவ்வளவு ஏறியதும் நிறுத்தணும் என்று அது கேட்டது. தினமும் நூறு வேண்டாம், எண்பது இருந்தால் உள்ளூர்ச் சுற்றலுக்குத் தாராளம், பேட்டரிக்கும் நல்லது என்றார். மரகதவல்லி யோசித்தாள். எண்பது என்றால் மொட்டையாக இருக்கிறது, மொய் எழுதினால்கூட ஒரு ரூபாய் சேர்த்துத்தானே எழுதுகிறோம் என்றாள். எண்பத்தொன்று என்று வைத்தார்கள்.

அவள் நல்ல நேரத்துக்குள் சொருகினாள், பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், உள்ளே போனாள். டிக்கி இந்தத் தடவை மூடினதும் சமர்த்தாக மூடியபடியே இருந்தது. சார்ஜர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். அவனுக்குக் கையெல்லாம் துறுதுறுத்தது. வெள்ளச்சிக்குக் கொஞ்சம் பசித்தது, அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் மரகதவல்லி பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு நாலு டயரையும் குனிந்து குனிந்து பார்த்தாள். ஆணி இல்லை. அன்றோடு பயம் தெளிந்தது. அப்புறம் தினமும் அப்படித்தான், சாயங்காலம் நல்ல நேரத்தில் பிளக், ராத்திரி மலிவு நேரத்தில் கரண்ட், எண்பத்தொன்றில் பச்சை விளக்கு.

ரீடிங் எடுக்கும் நாள் வந்தது. அன்றைக்கு யார் வந்து நிற்கிறார் என்று நினைக்கிறீர்கள்? கஜபதி. அடுத்த பில்லும் எகிறினால் கார் உங்களுக்கு என்று குணசீலன் சொல்லி வைத்திருந்ததை நம்பி, பில் எப்படியும் எகிறும், கார் தனக்குத்தான் என்று அவரே முடிவு செய்துகொண்டு, நல்ல நேரம் பார்த்து, பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். ஒரு கையில் டயருக்கு அடியில் வைத்து நசுக்க எலுமிச்சம்பழம். இன்னொரு கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஸ்டியரிங் கவர், மிதியடி, முன்னால் ஒட்டுவதற்குக் குட்டிப் பிள்ளையார். வெள்ளச்சி கண்ணாடியை மடக்கிக்கொண்டது.

ரீடிங் எடுக்க வந்தவர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். குணசீலன் பில்லை வாங்கிப் பார்த்தார். நாற்காலி பக்கத்தில் இருந்தும் உட்காரவில்லை. ஃபேனை இன்னும் ஒரு பாயிண்ட் கூட்டி வைத்தார். அதிலேயே மரகதவல்லிக்குத் தெரிந்துவிட்டது, அடக்க முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே சாமான்கள் ஒரே அமர்க்களம். காலண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பார்த்தீர்களா, நல்ல நேரத்தில் தொடங்கினால் எல்லாம் நல்லபடியாகத்தான் முடியும், நான் ஆரம்பத்திலிருந்து இதைத்தான் சொல்கிறேன் என்றார். டிரிப்பருக்குக் கோபத்தில் விழலாம் போல இருந்தது. எலக்ட்ரீஷியனை நினைத்து அடக்கிக்கொண்டது.

ஆனால் வாசலில் விஷயம் முடியவில்லை. தங்கை வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இல்லை என்பது லேசான காரியமா? காலாகாலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். குணசீலன் தலையைச் சொறிந்தார், மாப்பிள்ளை காபி சாப்பிடுங்க என்றார், வெயில் எப்படி என்றார். கஜபதி அசையவில்லை. பில் குறைந்தால் குறையட்டும், நான் நல்ல நேரம் பார்த்துக் காரை எடுக்க வந்துவிட்டேன், வெறுங்கையோடு திரும்பினால் சகுனத்துக்கு ஆகாது, காரை எடுத்தே ஆகணும் என்று நின்றார். வெள்ளச்சிக்கு ஹெட்லைட் மங்கியது. குணசீலன் சாவி மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தார், மனைவியைப் பார்க்கவில்லை.

மரகதவல்லி முன்னால் வந்தாள். முகத்தில் அப்படி ஒரு பவ்யம்.

"அண்ணே, நீங்க சொல்றது ரொம்ப சரி. நல்ல நேரத்தை வீணாக்கக் கூடாது. அந்தப் பையை இப்பவே கார்ல வெச்சிடுங்க. காரை எடுத்ததா ஆச்சு. ஓட்டிட்டுப் போறதுக்குத் தோதா ஒரு நாள் நானே காலண்டர் பார்த்துச் சொல்றேன்."

கஜபதி யோசித்தார். அவர் வீட்டிலும் பரஸ்தானம் உண்டு, அவர் அம்மா பெட்டி அனுப்பாத பயணமே கிடையாது. குறை சொல்ல ஓரிடமும் இல்லை. பயபக்தியோடு மஞ்சள் பையைப் பின்சீட்டில் வைத்தார், கும்பிட்டார், திருப்தியாகப் பஸ் ஏறிப் போனார். எலுமிச்சம்பழத்தை வாசல் திண்டின் மேலேயே மறந்து வைத்துவிட்டார். மரகதவல்லி அதை ஜூஸ் போட்டுக் குணசீலனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

அவள் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் காலண்டரைப் பார்க்கிறாள். ஒரு நாள் அஷ்டமி, ஒரு நாள் நவமி, ஒரு நாள் கரிநாள், ஒரு நாள் கஜபதிக்குச் சந்திராஷ்டமம். எல்லாம் சரியாக இருக்கிற நாளில் அவளுக்கு மார்க்கெட் இருக்கிறது. எதையும் மாற்ற முடியாது என்று சொன்ன காலண்டர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, மாற்ற வேண்டிய அவசியமும் வரவில்லை.

மஞ்சள் பை இன்றைக்கும் வெள்ளச்சியின் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. கிளம்பி ஒரு வருஷம் ஆகிறது.